வளைவில் வைத்த குழாய்

பனைமேட்டுக்கு ரோடு வந்தது ராஜாங்கத்தால்தான். அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள்கூட இதை ஒத்துக்கொள்வார்கள். கடல் ஏறி வந்துவிட்டுப் போன அந்த மார்கழிக்குப் பிறகு, கரையோர ஊர்களுக்கு அரசாங்கம் பணத்தை இறக்கியது. குப்பங்களைத் தாண்டி உள்ளே கிடக்கும் உப்பளத்து ஊரையும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள் என்று ஒன்றிய அலுவலகத்துக்கும் விழுப்புரத்துக்கும் செருப்புத் தேய நடந்தவர் அவர். ஊராட்சித் தலைவர் என்பது அதுவரை அவருக்கு வெறும் பட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஊர் வரைக்கும் தார் ரோடும், ரோட்டை ஒட்டி முப்பது தொகுப்பு வீடுகளும் சாங்ஷன் ஆன அன்றுதான் ஊர் அவரை நிஜமாகவே தலைவர் என்று கூப்பிட ஆரம்பித்தது.

வீடுகள் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர்களுக்கு. உப்பங்கழிக் கரையில் குடிசை போட்டிருந்தவர்கள். கடல் வந்தபோது குடிசையோடு சட்டி பானையும் போய்விட்டது. அவர்களில் ஒருவன் சகாதேவன், ராஜாங்கத்தின் உப்பளத்து மேஸ்திரி. பாத்திக்குத் தண்ணீர் விடுவது, கரை கட்டுவது, ஆள் கூட்டி வருவது எல்லாம் அவன் பொறுப்பு. அவன் மனைவி சாலம்மாள் அதே உப்பளத்தில் உப்பு வாருவாள், சுமப்பாள். ஆவணி மாதம் சாவி கொடுத்த அன்று அவள் புது வீட்டுச் சுவரை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"மொதலாளி, கையில ஒட்டவே இல்ல பாருங்க" என்றாள் சிரித்துக்கொண்டே. மண்சுவரிலேயே பிறந்து வளர்ந்தவள்.

ராஜாங்கமும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் இருந்தது. அது அவருக்கு மட்டும் தெரியும். இல்லை, அவர் மனைவி அருக்காணிக்கும் தெரியும்.

அந்த இடத்தின் வாகு இப்படி. ரோடு வடக்குத் தெற்காகப் போகிறது. மேற்கே புதுக் காலனி. கிழக்கே ராஜாங்கத்தின் உப்பளம், அதற்கப்பால் கழி, அதற்கப்பால் கடல். மேற்கே உள்ள ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் காலனி நிலத்தின் வழியாக வந்து கழியில் விழும். அது தண்ணீருக்குப் பழகிய தடம். இப்போது குறுக்கே இடுப்பளவு மண் கொட்டி ரோட்டை உயர்த்தியதால், அடியில் பெரிய சிமெண்ட் குழாய் பதித்து வழிவிட வேண்டும். பள்ளம் பார்த்துக் குழாய்க்குக் குறித்த இடம் ராஜாங்கத்தின் பாத்திகளுக்கு நேர் எதிரே வந்தது.

மழைத்தண்ணீர் பாத்தியில் பாய்ந்தால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய களித்தரை கரைந்துபோகும். கரை உடையும். மேட்டில் குவித்து கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரம் அடியிலிருந்தே கரையும். முன்பெல்லாம் தண்ணீர் பரந்து வரும். கரையை உயர்த்தி ஒதுக்கிவிடலாம். குழாய் வைத்தால் ஒரே இடத்தில் பீய்ச்சியடிக்கும்.

அவர் ஓவர்சியரையும் காண்ட்ராக்டரையும் ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அருக்காணி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். இலையில் இரண்டாம் தரம் சோறு விழுந்தபோது ராஜாங்கம் பேச்சை எடுத்தார்.

"சார், அந்தக் கொழாயைக் கொஞ்சம் வடக்கால தள்ளி, வளைவுகிட்ட வெச்சுக்கக் கூடாதா? எங்க போனாலும் அதே தண்ணிதானே."

"வளைவு மேடாச்சே தலைவரே" என்றார் ஓவர்சியர். "தண்ணி ஏறிப் போவணுமே."

"கொஞ்சம் நிக்கும். அப்புறம் தானா வடிஞ்சிடும். எம் பாத்தியில விழுந்தா ஒரு வருசப் பொழப்பே போயிடும் சார்."

காண்ட்ராக்டர் எலும்பைக் கடித்தபடியே, "வளைவுல தோண்டறது எனக்கும் சுளுவுதான். பாத்துக்கலாம் சார்" என்றார். ஓவர்சியர் கை கழுவப் போனார். அவ்வளவுதான் நடந்தது. கவர் கைமாறவில்லை. மிரட்டல் இல்லை. ஒரு கோழிக்குழம்போடு முடிந்துவிட்டது. பிற்பாடு ராஜாங்கத்தை ரொம்பவும் கூசவைத்தது இந்த மலிவுதான்.

தெரியாமல் செய்தார் என்றால் அது பொய். காலனிக்கு அப்போதே கடைக்கால் எடுத்திருந்தார்கள். தண்ணீர் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். கணுக்கால் அளவு நிற்கும், குடிசையில் இருந்தபோது படாததா என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்த ஐப்பசி மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். விட்டுவிட்டுப் பெய்வதுபோல் பெய்து, பிறகு விடாமல் பெய்தது. ஏரி நிரம்பியது. ஒரு காலையில் சகாதேவன் தொடை வரை சேறோடு ராஜாங்கத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மொதலாளி, வூட்டுக்குள்ள இடுப்புக்குத் தண்ணி. பொம்பளைங்களையும் புள்ளைங்களையும் எங்கியாவது ஏத்தணும்."

ராஜாங்கம் உடனே எழுந்தார். ஊருக்குள் இருந்த தன் உப்புக் கிடங்கைத் திறந்துவிட்டார். மூட்டைகளை ஒருபக்கம் அடுக்கச் சொல்லி, தார்ப்பாய் விரித்து, முப்பது குடும்பத்தையும் உள்ளே உட்கார வைத்தார். அருக்காணி பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சினாள். சாலம்மாள் அந்தக் கஞ்சியை வாங்கும்போது, "ரோடு குடுத்தீங்க, வூடு குடுத்தீங்க, இப்போ சோறும் நீங்களே குடுக்கறீங்க" என்றாள். அருக்காணி கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து வேறொருத்தி கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

ராஜாங்கம் ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டார். எல்லா ஊரிலும் தண்ணீர், ஆள் வர நேரமாகும் என்றார்கள். ரோட்டை வெட்டிவிடட்டுமா என்று கேட்டதற்கு, "நாங்க ஒண்ணும் சொல்லலை தலைவரே" என்று வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் மழை கொஞ்சம் தணிந்தபோது காலனி ஆண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கிளம்பினார்கள். ராஜாங்கமும் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனார். எங்கே வெட்டப்போகிறார்கள் என்று பார்க்கத்தான் போனார். உப்பளத்தில் தண்ணீர் பாய்ச்சிப் பழகிய ஆட்கள். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

மாயவன் என்ற இளவட்டம் பாத்திகளுக்கு எதிரே நின்று, "இங்க போட்டாதான் போவும்" என்று கடப்பாரையை ஓங்கினான்.

சகாதேவன் அதைப் பிடித்துக்கொண்டான். "டேய், இங்க வேணாம். மொதலாளி பாத்தியெல்லாம் அடிச்சிக்கினு போயிடும். அம்பாரம் வேற நிக்குது. அந்தாண்ட வளைவுல, கொழாய் பக்கத்துலயே அகலப்படுத்துவோம்."

"மேடாச்சே மாமா."

"ஆழமா தோண்டு. கை இருக்குது இல்ல? நமக்கு எடம் குடுத்து ஒக்கார வெச்சிருக்காரு மனுசன். அவரு உப்பை நாம கரைக்கறதா?"

எல்லோரும் வளைவுக்குப் போனார்கள்.

ராஜாங்கம் அங்கேயே நின்றார். 'இங்கேயே வெட்டுங்கள்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாய் வரைக்கும் வந்தது. பாத்திகளைப் பார்த்தார், கீற்று மூடிய அம்பாரத்தைப் பார்த்தார், சொல்லவில்லை. இருட்டும்வரை அவர்கள் மார்பளவு குழிக்குள் நின்று களிமண்ணை வாரி எறிந்ததை வேடிக்கை பார்த்தார். ஒருவன் மண்வெட்டிக் காம்பு முறிந்து உள்ளங்கை கிழிந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கினான். அவர் உப்பைக் காப்பாற்றத்தான் அவன் இறங்கினான்.

விடிந்தபோது தண்ணீர் ஒரு சாண்தான் இறங்கியிருந்தது. அந்த ஒரு சாணை நம்பி சாலம்மாள் வீட்டுக்குப் போனாள். பரணில் வைத்த ரேஷன் அரிசியாவது மிஞ்சியிருக்காதா என்று பார்க்கப் போனவள் மேல் ஊறிப்போயிருந்த பின்பக்கச் சுவர் சாய்ந்தது. தூக்கி வந்தபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு யாருடைய காலோ போலத் தொங்கியது. வளைவில் வெட்டிய இடத்துக்கு அப்பால் நின்ற ராஜாங்கத்தின் வேனில் ஏற்றினார்கள். புது ரோடு வழவழவென்று இருந்தது; பொம்மையார்பாளையம் தாண்டிப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டி போய்ச் சேர்ந்தது.

"ரோடு மட்டும் இல்லன்னா வழியிலயே போயிருப்பா மொதலாளி" என்று சகாதேவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ராஜாங்கத்தால் அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. திரும்பி வந்தவர் வேனிலிருந்து இறங்கியதும் நேராகப் பாத்திகளுக்கு எதிரே போய் நின்று ஆட்களைக் கூப்பிட்டார்.

"இங்க வெட்டுங்கடா."

"மொதலாளி, உங்க உப்பு..."

"போவட்டும். வெட்டுங்க."

மாயவன் தயங்கினான். அவரே கடப்பாரையை வாங்கி முதல் குத்துக் குத்தினார். அப்புறம் எல்லோரும் இறங்கினார்கள். தாரைப் பெயர்த்து, மண்ணைத் தோண்டி, கடைசி வரப்பு உடைந்ததும் தண்ணீர் ஒரு எருமை மந்தைபோலத் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தது. பாத்திகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அம்பாரத்தின் மேல் கீற்று அப்படியே உட்கார்ந்தது. அடியில் உப்பு இல்லை. பொழுது சாய்வதற்குள் காலனியில் தரை தெரிந்தது.

அன்று அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கணக்குத் தீர்ந்தது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். ஆனால் அதன் பிறகுதான் பெரிய தண்டனை ஆரம்பித்தது. ஊர் அவரைப் புகழ ஆரம்பித்தது.

பார்க்க வந்த அதிகாரி அவர் தோளைத் தட்டி, "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்" என்றார். ரோட்டை வெட்டியதற்குக் கேஸ் கீஸ் எதுவும் இல்லை. திண்டிவனத்திலிருந்து ஒரு நிருபர் வந்து, கரைந்த அம்பாரத்தின் பக்கத்தில் அவரை நிற்கவைத்துப் படம் எடுத்தார். உப்பைக் கொடுத்து ஊரைக் காத்த தலைவர் என்று மறுநாள் பேப்பரில் வந்தது. கிளியனூரிலிருந்து சம்பந்தி வீட்டார் போன் செய்து பெருமைப்பட்டார்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அவர் டீக்கடைக்குப் போவதை விட்டார். தன்னடக்கம் என்றார்கள்.

பொங்கல் கழிந்த இரண்டாம் நாள் சகாதேவனும் மாயவனும் இன்னும் நாலு பேரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். சாலம்மாள் கட்டுப் போட்ட காலோடு வீடு திரும்பியிருந்தாள். இனி கம்பு ஊன்றித்தான் நடக்க முடியும், சுமை தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"மொதலாளி, காலனிக்குப் பேரே இல்லாம கெடக்குது" என்றான் சகாதேவன். "ராஜாங்கம் நகர்னு போர்டு வெக்கலாம்னு எல்லாரும் பேசி முடிச்சிட்டோம். மரக்காணத்துல பெயிண்டருகிட்ட சொல்லியாச்சு. நீங்கதான் வந்து தொறக்கணும்."

"எதுக்குப்பா அதெல்லாம். வேணாம்."

"நீங்க வேணாம்னுதான் சொல்லுவீங்கன்னு சாலம்மா அப்பவே சொன்னா" என்று சிரித்தான். "அவதான் இந்த ரோசனையே சொன்னது."

காரணம் சொல்லாமல் எப்படி மறுப்பது என்று ராஜாங்கத்துக்குத் தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

அருக்காணி சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள்.

"ஒத்துக்கினீங்களா?"

"ஒத்துக்கல. ஒண்ணும் சொல்லல."

"அதுதான் கேக்கறேன். எதுக்கு ஒண்ணும் சொல்லல?"

"இன்னான்னு சொல்லச் சொல்றே? போயி நின்னு, உம் பொண்டாட்டி கால ஒடச்சது நான்தான்னு சொல்றதா? உப்பு அத்தனையும் குடுத்தேன். இன்னும் இன்னா குடுக்கணும்?"

"நீங்க குடுத்தது உப்பு. அவ குடுத்தது காலு." அருக்காணியின் குரல் உயரவில்லை. "அன்னிக்குக் கோழி அடிச்சு சோறு போட்டது நானு. பேச்சு இன்னான்னு கதவாண்ட நின்னு கேட்டதும் நானு. அவ மூஞ்சியப் பாத்துக் கஞ்சி ஊத்த முடியல என்னால. இனிமே அந்த போர்டையும் பாத்துக்கினு போவ வர என்னால ஆவாது."

மறுநாள் காலை அவள் தலையை முடிந்துகொண்டு செருப்பை மாட்டினாள். எங்கே போகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. தடுக்கவில்லை. இந்த விவகாரம் முழுவதிலும் தான் செய்த ஒரே நல்ல காரியம் அவளைத் தடுக்காமல் இருந்ததுதான் என்று பின்னால் நினைத்துக்கொண்டார். இதிலும் பெருமை தேடுகிறோமே என்று உடனே அதற்கும் வெட்கப்பட்டார்.

அவள் திரும்பி வர மத்தியானம் ஆயிற்று. முகம் கழுவிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னா?"

"அழுவல, திட்டல. ரொம்ப நேரம் காலையே பாத்துக்கினு இருந்தா. அப்புறம், 'ஒரு கோழிதானா அக்கா'ன்னு கேட்டா."

ராஜாங்கம் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். அன்று அவர் சாப்பிடவில்லை. யாரும் சாப்பிடக் கூப்பிடவும் இல்லை.

போர்டு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஊர் திரண்டு வரும், வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றும் என்று அவர் சில நாள் காத்திருந்தார். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை வந்தது சகாதேவன் மட்டும்தான், உப்பளத்துக்கு, வேலைக்கு. அவன் பின்னால் மற்ற ஆட்களும். பாத்தி எல்லாம் பாழாய்க் கிடந்தது; களி மிதிக்க வேண்டும், கரை எடுக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எல்லா உப்பளமும் வெள்ளத்தில் போயிருந்ததால் அவர்களுக்கும் போக வேறு இடமில்லை. அது அவருக்குப் புரிந்தபோது, வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

முன்பெல்லாம் களி மிதிக்கும்போது பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து சிரிக்கும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். இப்போதும் கேட்டது. அவர் கரைமேல் ஏறினால் நின்றுவிட்டது. 'மொதலாளி' என்றுதான் கூப்பிட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். மிச்சம் வைக்காமல் வேலை செய்தார்கள்.

ஒரு நாள் சகாதேவன் தனியாக மடை திறந்துகொண்டிருந்தபோது ராஜாங்கம் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏம்பா சகாதேவா. ஒரு வார்த்தை திட்டிடேன்பா. எம் மூஞ்சிக்கு நேரா திட்டிடு."

சகாதேவன் நிமிரவில்லை. மண்வெட்டியால் ஒரு கட்டி மண்ணை எடுத்து ஓரமாக வைத்தான்.

"திட்டி இன்னா மொதலாளி ஆவப் போவுது" என்றான். "வெயிலு ஏறுது. தண்ணி பாயணும். கொஞ்சம் தள்ளிக்குங்க, கால்ல படப் போவுது."

அவர் தள்ளிக்கொண்டார்.

விழுப்புரத்துக்கு மறுபடி நடந்தார். இந்தத் தடவை வாய் திறந்து சொன்னார்: குழாய் வைத்த இடம் தப்பு, தான் சொல்லித்தான் அங்கே வைத்தார்கள், வெட்டின இடத்திலேயே பெரிய குழாயாகப் பதிக்க வேண்டும். எதிரே இருந்தவர் பேனாவை மூடிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு மேல் தலைவரே என்று கூப்பிடவில்லை. ஆனால் வேலை நடந்தது. பங்குனி முடிவதற்குள் பாத்திகளுக்கு எதிரே இரட்டைக் குழாய் பதித்து, மேலே தார் போட்டு மூடினார்கள். இடிந்த சுவர்களுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கி வந்தது.

மரக்காணத்துக்குப் போக அந்த ரோடுதான் வழி. ராஜாங்கம் அதில் போவதை விட்டிருந்தார். பனந்தோப்புக்குள் பழைய மண்பாதையில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு, முள்ளில் டயரைக் குத்திக்கொண்டு, சுற்றி வளைத்துப் போய்ச் சேர்வார். சித்திரையில் ஒரு நாள் அருக்காணி பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் வண்டியைத் தோப்புப் பக்கம் திருப்பியபோது அவர் தோளில் கையை வைத்தாள்.

"ரோட்டு வழியாவே போங்க. சாலம்மா வூட்டாண்ட நிறுத்துங்க."

அவர் வண்டியைத் திருப்பினார். காலனியில் வெயிலுக்கு எல்லாக் கதவும் சாத்தியிருந்தன. சாலம்மாள் வீடு மட்டும் திறந்திருந்தது. பின்சுவர் புதிதாக எழுந்திருந்தது, பூசவில்லை. வண்டிச் சத்தம் கேட்டுக் கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"வா அக்கா" என்று அருக்காணியைக் கூப்பிட்டாள். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஒற்றைக் கையால் இழுத்து வந்து நிழலில் போட்டாள். ஒன்றுதான் போட்டாள். அருக்காணி உட்கார்ந்தாள். ராஜாங்கம் வெயிலில் வண்டிப் பக்கத்திலேயே நின்றார். பெண்கள் இரண்டு பேரும் கால் வலியைப் பற்றியும், பாண்டிச்சேரிக்கு அடுத்து எப்போது போகவேண்டும் என்பதைப் பற்றியும் பேசினார்கள்.

கொஞ்ச நேரம் போனபிறகு சாலம்மாள் அவர் பக்கம் திரும்பாமலே, "தண்ணி குடிக்கிறாரான்னு கேளு அக்கா" என்றாள்.

அருக்காணி அவரைப் பார்த்தாள்.

"குடிக்கிறேம்மா" என்றார் ராஜாங்கம்.

சாலம்மாள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கம்பு ஊன்றி நடந்ததில் பாதி வழியிலேயே கொஞ்சம் சிந்திவிட்டது. அவர் கையில் கொடுக்கவில்லை. வாசல்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். ராஜாங்கம் போய்க் குனிந்து எடுத்தார். ஒரு சொட்டு மீதியில்லாமல் குடித்தார். சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.